போர்டு பழகும் வரை

நான் மண்டபத்து ஆள் இல்லை. அதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். பந்தி எப்போது, பாத்ரூம் எந்தப் பக்கம், மாப்பிள்ளை ரூமில் ஏன் ஏசி ஓடவில்லை, இதையெல்லாம் என்னிடம் கேட்கக் கூடாது. நான் போர்டு கம்பெனி. சொந்தக் கம்பெனி. இதோ இந்த போர்டு நான் செய்தது. படியுங்கள். "செருப்பு இங்கே." அவ்வளவுதான். படித்தீர்கள், கழற்றினீர்கள். இதற்குத்தான் போர்டு என்று பேர்.

உட்காருங்கள். அந்த நாற்காலி எனக்குப் போட்டது, நான் உட்காருவதில்லை. மாப்பிள்ளை வீட்டு ஆளா? திருநெல்வேலியா? முகூர்த்தத்துக்கு இன்னும் நேரம் கிடக்கிறது. ஐயரே இப்போதுதான் காபி குடிக்கிறார்.

"ஏ தம்பி. நீலச் சட்டை. எங்க போற? கண்ணு எங்க இருக்கு? கழட்டு. அங்க ஓரமா விடு. ஜோடியா விடு."

பார்த்தீர்களா. போர்டைப் பார்த்த உடனே கழற்றிவிட்டான்.

என் பேர் ஆவுடையப்பன். சங்கரன்கோவிலில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். முன்னால் மண்டபத்து ஆவுடையப்பன் என்பார்கள். இப்போது போர்டு ஆவுடையப்பன். ஆமாம், இதே மண்டபத்தில்தான் வேலை பார்த்தேன். மேனேஜர். பூதலிங்கம் முதலாளி இதற்கு அஸ்திவாரம் தோண்டிய அன்றைக்கு வேலைக்குச் சேர்ந்தவன். ஆனியில் வேலையை உதறினேன். ஆடியில் கம்பெனி தொடங்கினேன். இது ஆவணி. இடையில் நடந்ததைச் சொன்னால் சிரிப்பீர்கள். எனக்கே சிரிப்பு வருகிறது. நான் சிரிக்கிற ஆள் இல்லை. இந்த ஆடியில் சிரித்த மாதிரி என் கல்யாணத்தில்கூடச் சிரித்ததில்லை. டாக்டர் பிரஷர் மாத்திரையைப் பாதியாகக் குறைத்துவிட்டார்.

ஏன் உதறினேன் என்கிறீர்களா? செருப்புதான்.

முதலாளி காலத்திலிருந்து இங்கே ஒரே சட்டம். ஹாலுக்குள் செருப்பு போகாது. மணவறையில் அக்கினி வளர்க்கிற இடம். அதற்கு நான் ஒரு போர்டு எழுதி இதே தூணில் மாட்டினேன். தகரம். கறுப்பு பெயிண்ட். என் கையெழுத்து. இரண்டே வார்த்தை. எத்தனையோ கல்யாணம் நடந்தது, ஒரு செருப்பு உள்ளே போனதில்லை.

முதலாளிக்கு உடம்புக்கு முடியாமல் போய்விட்டது. மகன் வந்தான். ஹரிஹரசுதன். நல்ல பையன், சென்னையில் படித்தவன். வந்ததும் வாசலில் பூந்தொட்டி வைத்தான். சரி என்றேன். எனக்குக் கோட்டு தைத்துத் தருகிறேன் என்றான். வேண்டாம் என்றேன். அதற்குப் பிறகு என் போர்டைக் கழற்றினான்.

கழற்றிவிட்டு என்ன மாட்டினான் தெரியுமா? ஆள் உயரத்துக்கு ஒரு ஃபிளெக்ஸ். அதில் ஒரு பெண் பிள்ளை கும்பிட்டுக்கொண்டு நிற்கிறாள். பக்கத்தில் எழுத்து. எனக்கு மனப்பாடம். "அன்பார்ந்த விருந்தினர்களே, தங்கள் பொற்பாதங்களை அலங்கரிக்கும் காலணிகளை இவ்விடத்திலேயே விட்டுச்சென்று எங்களை மகிழ்ச்சிக் கடலில் ஆழ்த்துமாறு இருகரம் கூப்பி வேண்டுகிறோம்."

நானே நின்று கவனித்தேன். 'அன்பார்ந்த' என்கிற இடத்தில் ஆள் வாசலில் இருப்பான். 'பொற்பாதம்' வரும்போது ஹாலில் பாதி தூரம் போயிருப்பான். 'காலணி' வருவதற்குள் மணவறைப் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டிருப்பான். அப்புறம் அவன் எங்கே வந்து கடலில் ஆழ்த்துவது?

போய்ச் சொன்னேன்.

"சுதன், போர்டு நீளம்."

"அண்ணாச்சி, இப்பல்லாம் கஸ்டமர மரியாதையா நடத்தணும். உங்க போர்டப் பாத்து பொண்ணு வீட்டுக்காரங்க பயப்படுறாங்க."

"பயந்தாதான கழட்டுவான்."

"நீங்க இனிமே வாசல்ல நிக்க வேண்டாம் அண்ணாச்சி. ஆபீஸ் ரூம்ல ஏசியில உக்காருங்க. உங்களுக்கும் வயசாகுதுல்லா."

அதையும் கேட்டுக்கொண்டேன். ஏசியில் உட்கார்ந்தேன். அடுத்த முகூர்த்தத்தில் ஹால் பூராவும் செருப்பு. மாப்பிள்ளையின் மாமா ஒருவர் சேறு ஒட்டிய பூட்ஸோடு மணவறை மேலேயே ஏறிவிட்டார். என் போர்டு இருந்திருந்தால் ஏறியிருப்பாரா? வாசலில் நான் இல்லாததால்தான் என்று ஒரு சமையல்காரன் சொன்னான். அவனுக்கு என்ன தெரியும். போர்டு இல்லாததால்.

அன்றைக்கே எழுதிக் கொடுத்துவிட்டேன். காகிதத்தில் இல்லை. என் பழைய போர்டு ஸ்டோர் ரூமில் கிடந்தது. அதைத் திருப்பினேன். பின்பக்கத்தில் பெயிண்டில் எழுதினேன். "வேலைக்கு வரமாட்டேன்." காய்கிற வரை நின்றேன். சின்ன முதலாளி மேஜையில் வைத்தேன். வந்துவிட்டேன்.

"அக்கா, அந்தப் பிள்ளை கால்ல என்ன? சின்னப் பிள்ளைன்னா? அது கால்ல கிடக்கதும் செருப்புதான. லைட் எரிஞ்சா செருப்பு இல்லையா? கழட்டுங்க."

விளக்கு எரிகிற செருப்பாம். இந்த போர்டு அதையும் பிடித்துவிடுகிறது பாருங்கள்.

மறுநாள் காலையில் வீட்டில் பத்து மணிக்கு இட்லி சாப்பிட்டேன். நிதானமாக. என் மனைவி பிரமு என் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். காய்ச்சலா என்று. பாட்டு முனகிக்கொண்டிருந்தேனாம். எனக்குத் தெரியவில்லை.

"கம்பெனி தொடங்கப்போறேன்" என்றேன்.

"என்ன கம்பெனி?"

"போர்டு."

"எப்போ?"

"நாளைக்கு."

"நாளைக்கு ஆடி ஒண்ணு. ஆடியில எவனாவது கடை தொறப்பானா? ஊர் சிரிக்கும்."

"ஆவணி வரைக்கும் உக்காந்திருக்கச் சொல்லுதியா?"

எனக்குக் காத்திருக்கத் தெரியாது. அது அவளுக்கும் தெரியும். அவள் அரிவாள்மனையை நிமிர்த்தி வைத்தாள். அப்படி நிமிர்த்தினால் தீர்ப்பு சொல்லப் போகிறாள் என்று அர்த்தம்.

"சரி, தொடங்குங்க. ஆனா ஆவணி மொத முகூர்த்தம் வரைக்கும்தான். அதுக்குள்ள ஓடலைன்னா வெள்ளைச் சட்டையப் போட்டுக்கிட்டு சின்ன முதலாளி முன்னால போய் நிக்கணும். தப்பாப் போச்சு, மறுபடி சேத்துக்கிடுங்கன்னு சொல்லணும். உங்க வாயால சொல்லணும்."

இந்த வாயால் நான் யாரிடமும் தப்பாகப் போச்சு என்று சொன்னதில்லை. பிரமுவிடமே சொன்னதில்லை. அந்தப் பையன் முன்னால், அவன் பூந்தொட்டிக்குப் பக்கத்தில் நின்று சொல்வதா? அதைவிட வேஷ்டியைத் தலையில் கட்டிக்கொண்டு ரதவீதியில் நடந்துவிடலாம். ஆனாலும் சரி என்றேன். தோற்கப் போகிறவனுக்குத்தானே நிபந்தனை.

பிரமுவின் தம்பி ஒரு ஜெராக்ஸ் கடை வைத்து மூடிப் போட்டிருந்தான். அதைத் திறந்தேன். தகரம் வாங்கினேன். மஞ்சள் பெயிண்ட். எழுத்தை என் கையால் எழுதினால் பழங்காலமாக இருக்கிறது என்பார்கள், அதனால் வண்டி நம்பர் ஒட்டுகிற கடையில் ஸ்டிக்கராக வெட்டி வாங்கினேன். ஒரு சுழல் நாற்காலியும் வாங்கினேன். முதலாளி என்றால் வேண்டுமே. உட்கார்ந்து ஒரு சுற்றுச் சுற்றினேன். தெருவில் யாரும் பார்க்கவில்லை. இன்னொரு சுற்று. அப்புறம் காலைத் தூக்கிக்கொண்டு ஒரு சுற்று. மயக்கம் வந்துவிட்டது. நல்ல மயக்கம்.

கடை போர்டு கேட்டு ஒருவனும் வரவில்லை. ஆடியில் எவன் கடை திறக்கிறான், போர்டு கேட்க? நான் கவலைப்படவில்லை. கடை போர்டு என்பது வாங்க வாங்க என்று பல்லைக் காட்டுகிற போர்டு. நம்ம லைன் அதில்லை. நம்ம லைன் போகாதே, செய்யாதே, தொடாதே. அதிலும் மூன்று வார்த்தைக்கு மேல் நான் ஒட்ட மாட்டேன். நாலாவது வார்த்தை வேண்டும் என்றால் வேறு கடை பார்க்கலாம்.

முதலில் வந்தது தங்கபுஷ்பம் டீச்சர். கோயிலுக்குப் பக்கத்துத் தெரு. ஆடித்தபசுத் திருவிழாக் கூட்டம் வந்துவிட்டால் அவர்கள் வீட்டு வாசலை அடைத்து வண்டியை விட்டுவிட்டுப் போய்விடுவார்கள். டீச்சர் ஸ்கூட்டரை வெளியே எடுக்க முடியாது. பள்ளிக்கூடத்துக்கு நடந்துதான் போக வேண்டும். ஒரு காகிதத்தில் எழுதிக்கொண்டு வந்திருந்தார்கள். தயவுசெய்து எங்கள் வீட்டு வாசலில் வாகனங்களை நிறுத்த வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறோம், நன்றி.

"தயவு எதுக்கு? நம்ம வாசல்" என்றேன். அந்த வார்த்தையைப் பேனாவால் அடித்தேன்.

"சரி அண்ணாச்சி."

"நன்றி எதுக்கு? அவன் என்ன செஞ்சுட்டான் நன்றி சொல்ல?" அடித்தேன்.

"கொஞ்சம் மரியாதையா இருக்கட்டுமே அண்ணாச்சி. நான் டீச்சரு. பிள்ளைங்க பாக்கும்."

"பிள்ளைங்களும் அங்க சைக்கிள விடக்கூடாதுல்லா."

"வண்டி விடாதே." ஒட்டிக் கொடுத்தேன். நானே போய் மாட்டினேன். மாட்டிவிட்டு எதிர் டீக்கடையில் நின்றேன். போர்டு எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க வேண்டாமா? செய்தவன் பார்க்காமல் யார் பார்ப்பது?

ஒரு வேன்காரன் வந்தான். நேரே போர்டுக்குக் கீழே கொண்டுவந்து நிறுத்தினான். இறங்கினான். துண்டை உதறி என் போர்டிலேயே காயப்போட்டான். ஈரத் துண்டு. நான் போனேன். "படி" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். அவன் என்னவோ சொன்னான். நான் அவன் அப்பாவைப் பற்றி ஒன்று கேட்டேன். அவன் படித்த பள்ளிக்கூடத்தைப் பற்றி ஒன்று கேட்டேன். வேனுக்கு முன்னால் நின்றுகொண்டேன். சாவியைக் கேட்டேன். கூட்டம் சேர்ந்துவிட்டது. அவன் துண்டை எடுத்துக்கொண்டு வேனை நகர்த்திவிட்டான்.

சாயங்காலம் வரை ஒருத்தன் அங்கே வண்டி விடவில்லை. ஒரு சைக்கிள்கூட இல்லை. மூன்றே வார்த்தைகூட இல்லை பாருங்கள், இரண்டு. போர்டின் பலம் அப்படி.

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் தெருவில் இருக்கிற போர்டையெல்லாம் படித்துக்கொண்டே போனேன். எல்லாம் வளவள. எனக்கு முன்னால் இந்த ஊரில் போர்டே இருந்ததில்லை என்று தோன்றியது.

ஆனால் ஒன்று. புது போர்டு பழக வேண்டும். அது எனக்கு முதல் வாரத்திலேயே தெரிந்துவிட்டது. புது மாடு கொட்டிலுக்குப் பழகுகிற மாதிரி. தெருக்காரனுக்கு போர்டு பழக வேண்டும், போர்டுக்குத் தெரு பழக வேண்டும். அதுவரை செய்தவன் பக்கத்தில் இருக்க வேண்டும். அதனால் தினமும் போய் நின்றேன். டீச்சர் ஒரு நாற்காலி போட்டார்கள். வெயிலுக்குக் குடை கொடுத்தார்கள். பதினோரு மணிக்கு மோர். நல்ல வாடிக்கையாளர். ஸ்கூட்டரில் போகும்போது கை காட்டிவிட்டுத்தான் போவார்கள்.

ஒரு நாள் எனக்குப் பல்வலி. போகவில்லை. மத்தியானம் டீச்சர் போன் பண்ணினார்கள். "அண்ணாச்சி, இன்னைக்கு போர்டு வேலை செய்யல." பல்லைப் பிடித்துக்கொண்டு ஓடினேன். போர்டுக்கு முன்னால் ரெண்டு கார். கார்க்காரர்களைப் பிடித்துப் பேசினேன். அப்புறம் போர்டைப் பார்த்தேன். இடது பக்கத்து ஆணி லேசாகத் தளர்ந்திருந்தது. இறுக்கினேன். சரியாகிவிட்டது.

"சார், நீங்க போட்டோகிராபரா? கேமரா கையிலதான இருக்கு, கால்ல இல்லையே. அப்ப ஷூ எதுக்கு? கயிறு கட்டினது கழட்ட நேரமாகும்னா முன்னாலயே வந்திருக்கணும். கழட்டுங்க. நான் பாத்துக்கிட்டுதான் இருப்பேன்."

எங்கே விட்டேன்? ஆணி. ஆமாம்.

அதற்கப்புறம் ஆர்டர் தானாக வந்தது. பல்லைக் காட்டப் போன இடத்திலேயே ஒன்று. டாக்டர் வீட்டில் டோக்கன் வாங்காமல் எல்லாரும் உள்ளே புகுந்துவிடுகிறார்கள். "வரிசையில் வா." மாட்டினேன். டாக்டரம்மா கேட்டார்கள், "போர்டோட நீங்களும் வருவீங்கல்லா அண்ணாச்சி?" இதென்ன கேள்வி. போர்டு வாங்கினால் நான் வராமல் யார் வருவார்கள்? டோக்கன் கொடுக்கிற நர்ஸ் பெண் என்னைப் பார்த்ததும் அப்படியே நிம்மதியாக உட்கார்ந்துவிட்டாள். எழுந்து நிற்கவே வேண்டியிருக்கவில்லை அவளுக்கு. எல்லாரும் போர்டைப் பார்த்து வரிசையாக நின்றார்கள்.

அடுத்தது சந்தைக்குப் பின்னால் ஒரு சுவர். அரிசி மண்டிக்காரர் சுவர். ஊர் ஆண்பிள்ளைகள் அத்தனை பேரும் அங்கேதான் ஒன்றுக்கு ஒதுங்குவார்கள். சாமி படம் ஒட்டிப் பார்த்தார், சாமியைக் கும்பிட்டுவிட்டு ஒதுங்கினார்கள். என்னிடம் வந்தார். "இங்கே பெய்யாதே." மாட்டி முடித்து ஏணியிலிருந்து இறங்குவதற்குள் ஒருத்தன் ஓடி வருகிறான், அவசரம் தாங்காமல். என்னைப் பார்த்தான். போர்டைப் பார்த்தான்.

"அண்ணாச்சி, கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பி நில்லுங்களேன்."

"நான் திரும்புனா போர்டு திரும்புமாவே?"

அவன் ஓடின ஓட்டத்தை நினைத்து அன்றைக்கு சோற்றைப் பிசைந்துகொண்டே சிரித்தேன். பிரமு என்ன என்றாள். சொன்னேன். அவளும் சிரித்தாள். சிரித்துவிட்டுக் கேட்டாள்.

"நீங்க அங்க எம்புட்டு நேரம் நின்னிய?"

"கடை சாத்துற வரைக்கும்."

"இப்பிடி நிக்கதுக்கு ஒரு ஆளு போட்டா, மண்டிக்காரர் அவனுக்குச் சம்பளம் குடுக்கணும்லா?"

"போர்டு இருக்கும்போது ஆளு எதுக்கு?" என்றேன். அவளுக்கு வியாபாரம் புரியாது. அப்போது அப்படித்தான் நினைத்தேன்.

ஆடித்தபசு முடிந்தது. முடிந்த வாரத்தில் மூன்று ஆர்டர் சேர்ந்தாற்போல் வந்தது. வாங்கிவிட்டேன். பேராசை இல்லை, சந்தோஷம். ஆள் தேடி வருகிறான் என்றால் வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? காலையில் டாக்டர் வீடு. அங்கிருந்து மண்டிச் சுவர். அங்கிருந்து டீச்சர் வீடு. அப்புறம் புது போர்டுகள். சைக்கிளை மிதி மிதி என்று மிதித்தேன். நான் டாக்டர் வீட்டில் இருந்தால் சுவரில் பெய்கிறார்கள். சுவருக்கு வந்தால் டீச்சர் வாசலில் லாரி. எல்லா போர்டும் ஒரே சமயத்தில் கெட்டுவிட்டது. பெயிண்டில் கோளாறு என்று நினைத்தேன். மஞ்சளைச் சுரண்டிவிட்டு சிவப்பு அடித்தேன். அப்படியும் கெட்டது. தகரத்தை மாற்றினேன். பெரிய ஆணி அடித்தேன்.

ஆடி கடைசியில் ஒரே நாளில் எல்லாரும் வந்துவிட்டார்கள். மண்டிக்காரர் போர்டை நாற்றத்தோடு கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். டீச்சர் ஸ்கூட்டரில் முன்னால் போர்டை வைத்துக்கொண்டு வந்தார்கள். பாவம், திட்டவில்லை. "அண்ணாச்சி, நீங்க நல்லவங்க. போர்டுதான் சரியில்ல" என்றார்கள். என்னைத் திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. போர்டைச் சொன்னதுதான் உள்ளே போய்க் குத்தியது.

சுழல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். சுற்றவில்லை.

வீட்டுக்குப் போனால் பிரமு என் வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டுக் கொடியில் மாட்டியிருக்கிறாள். அவ்வளவுதான். மறுநாள் விடிந்தால் ஆவணி. முதல் முகூர்த்தம் அந்த வாரத்திலேயே. அந்தச் சட்டைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து சாப்பிட்டேன். 'தப்பாப் போச்சு' என்று வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்த்தேன். வரவில்லை. 'தப்' வரை வந்தது. தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி சொன்னேன். அப்போதும் அவ்வளவுதான்.

காலையில் சட்டையைப் போட்டேன். வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருக்கிறேன். ஒரு கார் வந்து நிற்கிறது. சின்ன முதலாளி.

இறங்கினான். செருப்பை என் வீட்டு வாசலிலேயே கழற்றினான். நான் சொல்லவே இல்லை. நன்றாகக் கவனியுங்கள், அங்கே போர்டும் இல்லை.

"அண்ணாச்சி, எங்கயோ கிளம்பிட்டிய போல" என்றான்.

"சோலியா போறேன்" என்றேன். "என்ன விஷயம்?"

"ஆனிக் கடைசியில நீங்க வாசல்ல நிக்காம ரெண்டு கல்யாணம். மணவறைக் கம்பளத்தத் தூக்கித்தான் போட்டேன். ஒரு பொண்ணு வீட்டுக்காரங்க சண்டை போட்டுட்டு மிச்சப் பணமே தரல. ஆவணியில ஊர்ப்பட்ட முகூர்த்தம் புக் ஆகியிருக்கு. அப்பா கட்டில்ல படுத்துக்கிட்டே என்னைய வையுதாக." கழற்றிய செருப்பைக் காலால் ஜோடியாகச் சேர்த்து வைத்தான். "உங்க போர்டு ஒண்ணு வேணும் அண்ணாச்சி. பழைய மாதிரியே."

உங்கள் தலையில் யாராவது ஒரு குடம் பன்னீரைக் கவிழ்த்தால் எப்படி இருக்கும்? அப்படி இருந்தது. நான் முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. "ஆர்டர் நெறைய இருக்கு" என்றேன். "பாக்கலாம்."

"பாக்கலாம்னு சொல்லப்படாது. முகூர்த்தத்தன்னைக்கு நீங்களே வந்து மாட்டித் தரணும். மாட்டிட்டு கொஞ்சம் பக்கத்துல நின்னா நல்லாருக்கும்."

"அது எங்க கம்பெனி வழக்கம். போர்டு பழகுற வரைக்கும் நிப்போம்."

பிரமு காபி கொண்டுவந்து வைத்தாள். அவனைப் பார்த்துக் கேட்டாள்.

"எம்புட்டு நேரம் நிக்கணும் தம்பி?"

அவன் டம்ளரைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "முகூர்த்தம் முடியிற வரைக்கும் மதினி."

"எத்தனை முகூர்த்தம்?"

"எல்லா முகூர்த்தமும்."

பிரமு முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். தோள் குலுங்குகிறது. எதற்குச் சிரிக்கிறாள் என்று எனக்கு இன்றைக்கு வரை தெரியவில்லை. சிரித்து முடித்துவிட்டு அவளே பேசினாள். போர்டு விலை தனி, பராமரிப்பு தனி. போர்டை மாட்டிவிட்டு விட்டுவிட முடியாது, பார்த்துக்கொள்ள வேண்டும், அதற்கு மாதாமாதம் கொடுத்துவிட வேண்டும், ஒன்றாம் தேதி. அவன் எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். பெரிய கம்பெனிகளில் லிஃப்ட்டுக்கும் ஏசிக்கும் இப்படித்தான் ஒப்பந்தம் போடுகிறார்கள். அவளுக்கு அது எப்படித் தெரிந்தது என்று அசந்துவிட்டேன். வியாபாரம் புரியாது என்று நினைத்தேனே, அந்தப் பிரமு. எனக்கும் வசதிதான். வேலையில் இருந்தபோதும் ஒன்றாம் தேதிதான் வாங்குவேன். பழகிய தேதி.

ஆக, அந்த வாசகத்தை நான் சொல்லவே வேண்டியிருக்கவில்லை. சட்டை மட்டும் வீணாகாமல் இருக்கட்டும் என்று போட்டுக்கொண்டே வந்து போர்டை மாட்டினேன். ஃபிளெக்ஸைக் கழற்றினார்கள். கும்பிட்டுக்கொண்டிருந்த அந்தப் பெண்ணைச் சுருட்டி மாடிக்குக் கொண்டுபோனார்கள். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். காற்றில் பறந்துவிடுவேனோ என்று தூணைப் பிடித்துக்கொண்டேன். வேலைக்காரனாக வெளியே போனவன் வியாபாரியாக உள்ளே வந்தேன். இந்த ஊரில் வேறு யாருக்காவது அப்படி நடந்திருக்கிறதா, சொல்லுங்கள்.

கடையா? கடையை இப்போது பிரமு பார்த்துக்கொள்கிறாள். ஆவணி பிறந்ததும் அவனவன் கடை திறக்கிறான். ஹோட்டல், துணிக்கடை, வீட்டுப் பேர் போர்டு, நல்வரவு போர்டு, இப்படிச் சின்னச் சின்ன ஆர்டர். எத்தனை வார்த்தை கேட்டாலும் ஒட்டிக் கொடுக்கிறாளாம். உதவிக்கு ரெண்டு பெண்களை வைத்திருக்கிறாள். பக்கத்துக் கடையையும் சேர்த்து எடுக்கலாமா என்று கேட்டாள். எடுத்துக்கோ என்றேன். பொழுது போக வேண்டுமே அவளுக்கும். பெரிய ஒப்பந்தத்தை நான் இங்கே வைத்திருக்கும்போது அதில் நான் ஏன் தலையிட வேண்டும்?

"பெரியவரே, நீங்க எந்த ஊரா இருந்தாலும் சரி. மந்திரி வந்தாலும் இங்க வெறுங்காலுதான். போர்டு சொல்லுது, நான் சொல்லல. பிடிச்சுக்கிடுங்க என் தோள. ஆங், கழட்டுங்க. இன்னொண்ணு."

இந்த போர்டுதான் நான் செய்ததிலேயே நல்ல போர்டு. இன்னும் ஒரு செருப்பு இதைத் தாண்டவில்லை. இங்கே ஆணிகூடத் தளரவில்லை. என்ன தகரமோ.

அதோ சின்ன முதலாளி ஓடி வருகிறான். என்னைத் தேடித்தான்.

"அண்ணாச்சி, பந்தியில ஒரே தள்ளுமுள்ளு. சாப்பிட்டுக்கிட்டு இருக்கவன் முதுகுக்குப் பின்னாலயே அடுத்த ஆளு வந்து நிக்கான். கை கழுவுற எடத்துல அதுக்கு மேல. பொண்ணு ரூம்ல யாரு யாரோ புகுந்துருதாங்க. எல்லாத்துக்கும் போர்டு போட்டுருவமா அண்ணாச்சி? நீங்க கொஞ்சம் வந்து நின்னு பாத்தியன்னா..."

கேட்டீர்களா? பந்திக்கு ஒன்று, கை கழுவுகிற இடத்துக்கு ஒன்று, பெண் ரூமுக்கு ஒன்று. ஒரே மூச்சில் மண்டபம் பூராவும் ஆர்டர். வேலையை விட்டு ரெண்டு மாதம் ஆகவில்லை. என்ன எழுதலாம், பந்திக்கு? "சாப்பிட்டால் எழுந்திரு." வேண்டாம், நீளம். "எழுந்திரு." போதும்.

நான் பந்தியைப் பார்த்துவிட்டு வந்துவிடுகிறேன். நீங்கள் இந்த நாற்காலியை விட்டு எழுந்து இப்படித் தூண் பக்கமாக நில்லுங்கள். பயப்பட ஒன்றும் இல்லை, நீங்கள் ஒரு வார்த்தை பேச வேண்டாம், போர்டு தானாகப் பார்த்துக்கொள்ளும். முகத்தை மட்டும் கொஞ்சம் கடுகடு என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்னும் கொஞ்சம். ஆங், அப்படித்தான்.